அந்த நோட்டை மூடி வையுங்கள்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் ஆரம்பநிலை என்கிறார் மருத்துவர். எம்ஆர்ஐ அறிக்கையில் ‘ஹிப்போகாம்பஸ் சுருக்கம், எம்டிஏ 2’ என்று இருக்கிறது. தினமும் காலையில் ‘நேற்று யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதுகிறேன். ஆண்டுக்கொரு ஸ்கேன் எடுத்து இதோடு ஒப்பிட்டால் நோயின் வேகம் தெரியுமா? சுடோகு பலன் தருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுடோகு பிடித்தால் போடட்டும். அதை விடுங்கள்.

எம்டிஏ என்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று படத்தைக் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை போடும் மதிப்பெண். 75 வயதைத் தாண்டியவருக்கு 2 என்பதைப் பெரும்பாலும் வயதின் கணக்கிலேயே சேர்ப்பார்கள். அதை மட்டும் வைத்துக் கலங்காதீர்கள். நோயில்லாத முதியவர்களுக்கே ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். அல்சைமரில் 4, 5 சதவீதம். ஆனால் இதெல்லாம் பலரை அளந்து எடுத்த சராசரி. ஒருவரின் இரண்டு படங்களுக்கு நடுவே கருவி மாறினாலே கணக்கு தடுமாறும்.

என்னை உறுத்துவது அந்த நோட்டு. நேற்று நடந்ததை இன்றைக்குப் பிடித்து வைத்திருக்கும் இடம்தான் ஹிப்போகாம்பஸ். அல்சைமரில் பழுதாவது அந்த இடம்தான்; அம்மாவுக்கு அந்த நோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்புறமும் தினமும் அதையே கேட்டால் என்ன அர்த்தம்?

என் பெரியம்மாவிடம் வந்தவர்கள் எல்லாரும் ‘நான் யார், சொல்லுங்க பார்ப்போம்’ என்பார்கள். அவர் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, ‘உன்னைத் தெரியாதா எனக்கு?’ என்று சிரித்துச் சமாளிப்பார். வந்தவர்கள் போன பிறகு யாரும் வந்ததே நினைவிருக்காது. ஆனால் பொழுது சாயும்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது மறந்துபோயிற்று, சோகம் மட்டும் தங்கியது. உங்கள் அம்மாவுக்கும் கேள்வி மறந்துவிடும். பதில் தெரியாமல் விழித்த அவமானம்? அது எந்த நோட்டிலும் ஏறாது, ஐயா. பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரிகிறது. இருந்தாலும் நிறுத்துங்கள்.

‘நேத்து மாமா வந்துட்டுப் போனாரேம்மா, நல்லா சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க’ என்று பதிலை நீங்களே சொல்லித் தொடங்குங்கள். அவர் அங்கிருந்து ஐம்பது வருஷம் பின்னால் போனால் கூடவே போங்கள். திருத்தாதீர்கள்.

ஸ்கேனா? மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள். மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் புதிய ஊசி மருந்து தொடங்கினால், மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ திரும்பத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். அது வேறு கதை.