மடிப்புல மூக்கு மாட்டக்கூடாது

கேள்வி: பத்திரிகையில நடிகர் நடிகை பேட்டிக்கு லேஅவுட் (பக்க வடிவமைப்பு) எப்படி பண்றீங்க? – வாசகி, கும்பகோணம்

பதில்: முதல்ல பேட்டிய முழுசா படிச்சிருவேன், எந்த வரிய கொட்டை எழுத்துல தூக்கி வைக்கணும்னு அப்பதான் தெரியும். அப்புறம் ஃபோட்டோ. அவங்க இடது பக்கமா பாக்குறாங்கன்னா படத்தை வலது பக்கத்துல வைக்கணும், அப்பதான் பார்வை மேட்டர் மேல விழும், மாத்தி வச்சா புக்க விட்டு வெளிய பாக்குற மாதிரி ஆயிடும். அதுக்காக படத்தை அப்படியே திருப்பிப் போடவும் கூடாதுங்க, மச்சம் கன்னம் மாறிடும், சட்டை பட்டன் கூட காட்டிக் குடுத்துரும். ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் போட்டா மடிப்புல மூக்கு மாட்டவே கூடாது, நடுப்பக்கம்னா ஸ்டேபிள் பின் வேற. ஓரம் வரைக்கும் போற படத்துக்கு வெட்டுறதுக்குன்னு 3 மில்லிமீட்டர் கூடுதலா விடணும். வாட்ஸ்அப்ல சுருங்கி வந்த படத்தை மட்டும் முழுப்பக்கம் போடவே மாட்டேன், கெஞ்சியாவது ஒரிஜினல வாங்கிருவேன்.