கடையில் கொடுத்த கொட்டேஷனில் உள்ள பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று நானே எப்படிப் பார்ப்பது?

உங்கள் பட்டியலை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். ரைசன் 5 5600 பிராசசர், "பி450 மதர்போர்டு", 16 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்று, 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, "450 வாட் எஸ்எம்பிஎஸ்" (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை), ஒரு கேபினெட். வேலை வீடியோ எடிட்டிங், மீதி நேரத்தில் கேம். "எல்லாம் செட் ஆகும், பயப்படாதீங்க" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். உண்மையிலேயே செட் ஆகுமா என்பது உங்கள் கேள்வி.

மாட்டிப் பார்த்தால் இந்தப் பட்டியலில் அநேகமாக எல்லாமே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கடைக்காரர் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். ஆனால் மாட்டிக்கொள்வது வேறு, ஒழுங்காக வேலை செய்வது வேறு. இப்படியே வாங்கினால் இரண்டு இடங்களில் சிக்கல் வர வாய்ப்பிருக்கிறது: மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ். இரண்டுக்குமே கொட்டேஷனில் கம்பெனிப் பெயரும் இல்லை, மாடல் நம்பரும் இல்லை. முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத பொருளை யாராலும் சரிபார்க்க முடியாது.

பி450 என்பது போர்டின் பெயரே அல்ல. அது ஏஎம்டி 2018ல் கொண்டுவந்த சிப்செட், அதாவது போர்டில் பாகங்களை ஒருங்கிணைக்கும் சிப். அதை வைத்து ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஆஸ்ராக் என்று ஒவ்வொரு கம்பெனியும் பல போர்டுகள் செய்திருக்கிறார்கள். உங்கள் பிராசசர் வெளிவந்தது 2022ல். ரைசன் 5000 வரிசையே 2020 நவம்பரில்தான் தொடங்கியது. ஆக, போர்டு தயாரான நாளில் அதன் பயாஸுக்கு (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) உங்கள் பிராசசர் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கலாம். சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) இரண்டுக்கும் ஏஎம்4தான், அழகாக உட்காரும். பவர் பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றும், டிஸ்ப்ளே வராது. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு இது நடந்தால் போர்டு கெட்டதா, பிராசசர் கெட்டதா, ராம் கெட்டதா என்று தேடியே நாள் போய்விடும். உண்மையில் எதுவுமே கெட்டிருக்காது. பயாஸ் பழையது, அவ்வளவுதான்.

இதைச் சரிபார்க்க ஒரே நம்பகமான இடம், அந்த போர்டைத் தயாரித்த கம்பெனியின் இணையதளம். மாடல் பெயரைப் போட்டுத் தேடி, சப்போர்ட் பகுதிக்குள் போனால் சிபியு சப்போர்ட் லிஸ்ட் இருக்கும். ரைசன் 5 5600 என்ற வரிக்கு நேராக எந்த பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். போர்டின் ரிவிஷன் நம்பரையும் பாருங்கள். ஒரே பெயரில் ரிவிஷன் 1.0 என்றும் வி2 என்றும் வரும் போர்டுகளுக்குத் தனித்தனிப் பட்டியல் இருக்கும்.

பட்டியலில் உங்கள் பிராசசர் இருக்கிறது, ஆனால் புதிய பயாஸ் கேட்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பெட்டியின் மேல் ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது தயாராக வந்த போர்டு. இல்லையென்றால் கடையிலேயே அப்டேட் செய்து, டிஸ்ப்ளே காட்டச் சொல்லுங்கள். சில போர்டுகளில் பிராசசரே மாட்டாமல் பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் வசதி உண்டு. எம்எஸ்ஐ இதை ஃபிளாஷ் பயாஸ் பட்டன் என்கிறது, ஜிகாபைட் க்யூ-ஃபிளாஷ் பிளஸ் என்கிறது, ஆசுஸ் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது. விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இது இருக்காது. இருக்கிற போர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் பி450க்குப் பதில் பி550 போர்டே கேட்டுப் பாருங்கள். 2020ல் வந்தது, கிராஃபிக்ஸ் கார்டுக்கும் முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கும் பிசிஐஇ (அவற்றை போர்டோடு இணைக்கும் பாதை) 4.0 கிடைக்கும். பி450ல் 3.0தான். 3060க்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையில் வெறும் நான்கு லேனில் (தடத்தில்) ஓடும் கார்டை 3.0 போர்டில் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். (பழைய ரைசன் 1000, 2000 பிராசசர் கையில் இருப்பவர்கள் பி550 வாங்கக் கூடாது, அவற்றுக்கு அதில் ஆதரவு இல்லை.)

சாக்கெட்டை மட்டும் நம்பி இன்டெல் பக்கம் ஏமாந்தவர்களும் நிறைய. எல்ஜிஏ 1151 என்ற பெயர் ஆறாம் தலைமுறையிலிருந்து ஒன்பதாம் தலைமுறை வரை இருந்தது. ஆனால் 2017ல் எட்டாம் தலைமுறை வந்தபோது அதற்கு 300 வரிசை சிப்செட் கட்டாயமாகிவிட்டது. ஆறு, ஏழுக்கான இசட்270 போர்டில் எட்டாம் தலைமுறை பிராசசர் உட்காரும், ஓடாது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செகண்ட்ஹேண்ட் போர்டும் பிராசசரும் தனித்தனியாக வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்ஜிஏ 1700ல் பிரச்சினை வேறு மாதிரி. 12, 13, 14 மூன்று தலைமுறைக்கும் அதே சாக்கெட், ஆனால் ராமில் சில போர்டுகள் டிடிஆர்4 கேட்கும், சில அடுத்த தலைமுறையான டிடிஆர்5 கேட்கும். போர்டுக்கு ஏற்றதை மட்டுமே போட முடியும். இரண்டு ராமுக்கும் 288 பின்தான், நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். போகவில்லையே என்று அழுத்திவிடாதீர்கள்.

டிஸ்ப்ளே பற்றி இன்னொரு விஷயம். ரைசன் 5 5600க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், அதில் மானிட்டரைச் செருகினால் படம் வராது. கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். "கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கலாம்" என்ற எண்ணம் இருந்தால் இந்தப் பிராசசர் உங்களுக்கு ஆகாது, 5600ஜி பாருங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் இதே கதைதான்.

இப்போது எஸ்எம்பிஎஸ். கொட்டேஷனில் எப்போதும் கடைசி வரியாக, குறைந்த விலையில் எழுதப்படுவது இதுதான். எனக்கு இது கோபம் வரவழைக்கிற விஷயம், ஏனென்றால் மீதி எல்லாப் பாகங்களின் ஆயுளும் இதன் கையில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3060 கார்டு 170 வாட். பிராசசர் முழு வேகத்தில் ஓடினாலும் 90 வாட்டைத் தாண்டாது. போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறி எல்லாம் சேர்த்து ஐம்பது என்று வையுங்கள். மொத்தம் 310. அப்படியானால் 450 போதுமே என்றுதான் தோன்றும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு கண நேரத்துக்கு அதன் அளவைவிட மிக அதிகமாக இழுக்கும். என்விடியா 3060க்கு 550 வாட் பரிந்துரைப்பது இதையெல்லாம் சேர்த்துத்தான். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் பெட்டியின் மேல் 450 என்று அச்சடித்திருப்பார்கள், உள்ளே 12 வோல்ட்டில் பல நேரம் அதைவிட மிகக் குறைவாகத்தான் தரும்.

அதனால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதை 12ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட் யூனிட் என்றால் 45 ஆம்பியர் அளவில், அதாவது 540 வாட்டுக்கு வரும். பெருக்கி வந்த எண்ணுக்கும் பெட்டியில் எழுதிய எண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அதை வாங்காதீர்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்பானதா, நீண்ட நாள் உழைக்குமா என்பதற்கு அது சான்று அல்ல. தெரிந்த கம்பெனி, 550 அல்லது 650 வாட், ஐந்து வருட வாரண்டி என்று கேளுங்கள்.

அடுத்து கேபிள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு 6+2 பின் பிசிஐஇ கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். "அது இல்லையா, கன்வெர்ட்டர் தர்றேன்" என்று சாட்டா பவர் கேபிளிலிருந்து (ஹார்டு டிஸ்க்குக்குப் போவது) மாற்றித் தரும் துண்டை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். 8 பின் இணைப்பு 150 வாட் வரை எடுத்துச் செல்வதற்கானது. சாட்டா பவர் இணைப்பின் 12 வோல்ட் பகுதி 4.5 ஆம்பியர்தான், அதாவது 54 வாட். மிச்சத்தை அந்த மெல்லிய கம்பி எப்படிச் சுமக்கும்? என் அத்தை பையன் வாங்கிய சிஸ்டத்தில் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டாலே பட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் பிரச்சினை என்று சொல்லிக் கடையில் ஃபார்மட் செய்து ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். நான் திறந்து பார்த்தபோது இந்தக் கன்வெர்ட்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. சரியான எஸ்எம்பிஎஸ் மாற்றிய அன்றோடு தொல்லை தீர்ந்தது. எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுக்கப் போகிற பழக்கம் அவனுக்கு உண்டு என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

பிராசசருக்குப் போகும் 4+4 பின் கேபிளும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும். ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி வரும், எனவே ஒன்றை இன்னொன்றில் திணிக்கக் கூடாது. மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை) என்றால் அதோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான தரம் கிடையாது, வேறு கம்பெனி கேபிள் நுழைந்தாலும் ஹார்டு டிஸ்க்கை எரித்துவிடக்கூடும். யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் வாட் கணக்கையும் பாருங்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான், மானிட்டரும் அதிலிருந்துதான் எடுக்கும்.

ராம் பற்றிச் சுருக்கமாக. 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில் கிட்டாக வருவதை வாங்குங்கள். இரண்டு சேனலிலும் (ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள இரண்டு பாதைகள்) ஓடும்போது எடிட்டிங்கில் வித்தியாசம் தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். 3200 அல்லது 3600 வேகம் இந்தப் பிராசசருக்குப் பொருத்தம். மாட்டிய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் வேகம் தெரியும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. சாட்டா என்றால் நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும், பி450ல் நல்ல என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். என்விஎம்இ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் இரண்டாவது எம்.2 போடும் எண்ணம் இருந்தால் போர்டின் மேனுவலைப் பாருங்கள், சில போர்டுகளில் அந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் போகும்.

கேபினெட்டுக்கு ஒரு டேப் போதும். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244க்கு 244. மூன்று விசிறி வைத்த 3060 கார்டு 30 செ.மீ.யைத் தொடும், இரண்டு விசிறிக் கார்டு 24 அளவில் இருக்கும். முன்பக்கம் விசிறி மாட்டிய பிறகு மிஞ்சும் இடம்தான் கணக்கு. உங்கள் பிராசசரோடு வரும் கூலர் குட்டையானது, அதனால் உயரம் பற்றிக் கவலை இல்லை. பின்னால் டவர் கூலர் வாங்கினால் 155 முதல் 165 மி.மீ. உயரம் கேட்கும். முன்பக்கம் டைப்-சி உள்ள கேபினெட்டைப் பிடித்துப்போய் வாங்கும் முன், போர்டில் அதற்கான ஹெடர் (அந்தக் கேபிளைச் செருகும் இணைப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். பி450 போர்டுகள் பலவற்றில் இருக்காது.

பிசிபார்ட்பிக்கர் என்ற தளத்தில் பாகங்களை வரிசையாகப் போட்டால் சாக்கெட், அளவு, வாட் எல்லாவற்றையும் அதுவே ஒப்பிட்டு எச்சரிக்கும். இந்தியாவைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. முதல் வடிகட்டலுக்கு மிக நல்லது. ஆனால் கடையின் அலமாரியில் இருக்கும் குறிப்பிட்ட பெட்டிக்குள் எந்த பயாஸ் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பேசாமல் ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்கே போய்விடலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். 2022ல் வந்த சாக்கெட், 2027க்கு அப்பாலும் தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அந்த வகையில் நல்ல முடிவுதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 மட்டுமே. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்த பிறகு, உங்கள் பட்ஜெட்டில் ஏஎம்4லேயே இருந்து, மிச்சமாகும் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கொட்டேஷனைத் திருத்தித் தரச் சொல்லி வாங்குங்கள். பணம் கட்டும் முன் கடையிலேயே எல்லாவற்றையும் மாட்டி, பயாஸ் திரையில் பிராசசர் பெயரும் ராம் அளவும் தெரிகிறதா என்று பாருங்கள். சீரியல் நம்பர்கள் போட்ட ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். போர்டின் முழுப் பெயரும் எஸ்எம்பிஎஸ் மாடலும் கிடைத்ததும் கீழே கமெண்டில் போடுங்கள், சப்போர்ட் லிஸ்டைப் பார்த்துச் சொல்கிறேன்.