ஊரைப் பற்றிய கவலையைப் பயனுள்ள செயலாக மாற்றுவது எப்படி?

மனதில் கிடக்கும் கவலையை, தீர்க்க அதிகாரம் உள்ளவரின் மேசைக்கு எழுத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் குடிமைச் செயல்.

குளம் நிரம்பி வான் பாய்ந்தால், அதாவது மிகுதி நீர் வழிந்தால், தண்ணீர் காட்டுக்குள் ஓடிவிடும். துருசால், அதாவது குளக்கட்டின் மதகால், திறந்துவிட்டால்தான் வயலுக்கு வரும். கவலையும் அப்படித்தான். தேநீர்க்கடையில் எவ்வளவு கொட்டினாலும் அது வான் பாய்ச்சல்தான்.

இலங்கையின் வடக்கே வன்னியில் பலர் சறுக்குவது, யாரிடம் கேட்பது என்ற இடத்தில். குளக்கட்டில் கசிவு என்று வையுங்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளம் பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். உள்வீதிக்குப் பிரதேச சபை, ஏ9 நெடுஞ்சாலைக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை. மாறிக் கொடுத்த கடிதம் கோப்புக்குள் உறங்கிவிடும். அந்த மாரியும் போய்விடும்.

"கட்டு மோசம்" என்று எழுதாதீர்கள். "துருசிலிருந்து இருபது அடி தள்ளி, கை நுழையுமளவு ஓட்டை, காலையில் அடிக்கட்டு ஈரம்" என்று எழுதுங்கள். படம், திகதி, கமக்காரர் அமைப்பின் கையொப்பம் சேருங்கள். பிரதி ஒன்றில் 'கிடைத்தது' என்று முத்திரை வாங்குங்கள். இதை மட்டும் விடவே கூடாது.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று அதன்படி விண்ணப்பித்துக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அந்த அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இதற்குச் சட்டத்தரணி வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், இரண்டுமே தேவையில்லை.