வாசகர் கேள்வி – பதில்: சாமான் வாங்க முதல் வெயிலைப் பாருங்கள்

இந்த மாதம் உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர், திருகோணமலையில் உள்ளக வடிவமைப்புப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர்.

கேள்வி: ரீச்சர், வடிவமைப்புப் படித்தவர்கள் கொழும்பில் ஹோட்டல், ஒஃபிஸ் என்று செய்து நன்றாக உழைக்கிறார்கள். நீங்கள் ஏன் திருமலைக்குப் படிப்பிக்க வந்தீர்கள்? (வாசகி, கிண்ணியா)

நானும் கொழும்பில்தான் வேலை தொடங்கினேன், தங்கச்சி. கடைகளுக்கு உள்வேலை செய்தோம். ஒருவருடைய வாடகைக் காலம் முடிந்து அடுத்தவர் வந்தால், முந்தியவர் போட்ட சீலிங், பலகைச் சுவர், லைற், தரை எல்லாவற்றையும், நல்ல நிலையில் இருந்தாலும் பரவாயில்லை என்று, உடைத்து லொறியில் ஏற்றிவிடுவார்கள். அதைப் பார்க்கப் பார்க்க, இந்தத் தொழிலைச் செய்கிற விதமே மாறவேண்டும், அது படிக்க வரும் பிள்ளைகளிடம்தான் தொடங்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. ஊரில் ஒரு வகுப்பு எடுக்கக் கேட்டார்கள், வந்தேன், அப்படியே இருந்துவிட்டேன்.

எங்கள் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மினட் டி சில்வா 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அவர் கண்டியில் கட்டிய வீட்டில் தும்பறைப் பாய் நெசவைக் கதவுகளில் பதித்தார். பாய் பின்னுகிறவரும் வீடு கட்டும் வேலையில் ஒரு பங்காளி என்று அவர் நினைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். நம் பக்கத்துப் பன்பாய்க்கும் பனையோலைக்கும் அந்த இடத்தைக் கொடுக்கச் சொல்லித்தான் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு இன்ரீரியர் டிசைன் படிக்கக் கேட்கிறா. இங்கே அதற்கு வேலை எங்கே என்று இவர் மறுக்கிறார். என்ன செய்யலாம்? (ஒரு தாய், உவர்மலை)

படிக்க விடுங்கோ அம்மா. டிப்ளோமா படிப்புக்குக் கலைப்பிரிவு பெரிய தடையில்லை. காசு கட்ட முதல் ஒன்றைப் பாருங்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா, படிப்பு எந்த என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மொத்தம் 7 மட்டம். 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். பெரிய கட்டடமும் ஏ.சி. வகுப்பும் காட்டிச் சான்றிதழ் விஷயத்தை மழுப்புகிற இடத்துக்குப் போகவேண்டாம்.

வேலை இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிக்காரர் சீசனுக்கு முதல் அறைகளைத் திருத்துவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கேட்பார்கள். ஆனால் கணினியில் படம் வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. விடுமுறையில் ஒரு தச்சரிடம் மகளை அனுப்பி, நாடா பிடித்து அளக்கவும் மரம் பார்க்கவும் பழக விடுங்கள். இதை அப்பாவுக்கும் சொல்லுங்கள், அவருடைய பயம் கொஞ்சம் குறையும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் உள்ளே இருக்க முடியவில்லை. பொய்க்கூரை அடித்து ஏ.சி. பூட்டட்டா? (வாசகர், சீனன்குடா)

கொஞ்சம் பொறுங்கள் ஐயா, காசைச் செலவழிக்க முதல் இதை வாசியுங்கள்.

முதலில் சீற் விஷயம். இலங்கையில் நீல அஸ்பெஸ்ரஸ் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. ஆனால் எந்த வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சீற் உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அதில் துளைபோட்டால், அறுத்தால், பாசி எடுக்கிறேன் என்று கம்பித் தூரிகையால் உரஞ்சினால்தான் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலுக்குள் போகும், நோய் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். அதனால் சீலிங் அடிக்கிறவர் சட்டத்தைச் சுவரிலும் கூரை மரத்திலும்தான் பிடிக்கவேண்டும், சீற்றில் ஒரு ஆணிகூட வேண்டாம். மேலே ஏறி நடக்கவும் வேண்டாம், கால் வைத்தால் உடையும்.

இனி வெக்கை. சீலிங் அடித்து எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் சூடான காற்று தேங்கும், பிறகு சீலிங்கே உங்கள் தலைக்கு மேல் சூட்டைக் கக்கும். வீட்டின் இரண்டு முகட்டுச் சுவரிலும் எதிரெதிராகக் காற்றுத் துவாரம் விட்டு, அணில், பறவை போகாமல் வலை அடித்து, சீற்றுக்குக் கீழே வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாளை ஒரு இடைவெளி விட்டுக் கட்டுங்கள். எங்கள் பழைய வீடுகளில் கதவுக்கு மேலே மரக் கிறாதி வைத்தது வடிவுக்காக மட்டும் இல்லை, மேலே ஏறும் சூடான காற்று அதால் வெளியே போகும். அந்தக் கிறாதிகளைப் பலர் சீமெந்து பூசி அடைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை.

அப்புறம் வெயில். மேற்குச் சுவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், வடக்குச் சுவரை மறந்துவிடுவார்கள். திருகோணமலை ஏறத்தாழ வடக்கு 8.5 பாகையில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மத்தியான வெயில் வடக்குப் பக்கத்தால்தான் வரும், அதுவும் கச்சான் காலத்தை ஒட்டியே. ஆகவே வடக்கு யன்னலுக்கும் ஒரு தாழ்வாரம் இறக்குங்கள், கிடுகு போதும். மேற்கில் ஒரு பந்தல் போட்டு அவரையோ புடலங்காயோ படர விடுங்கள். மத்தியானம் கச்சான் வரும் பக்கத்து யன்னலை மூடி, பொழுது பட்டதும் திறவுங்கள். இவ்வளவும் செய்து ஒரு கோடை இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஏ.சி. வேண்டுமென்றால் ஒரு அறைக்குச் சின்னதாகப் பூட்டலாம்.

கேள்வி: கடற்கரைப் பக்க வீடு. குசினி அலுமாரிப் பலகைகள் ஊதிப்போய்விட்டன, பிணைச்சலும் கறள். மறுபடி அதே பலகைதான் மலிவு என்கிறார்கள். (வாசகி, நிலாவெளி)

அழுத்திச் செய்த பலகை தண்ணீரைக் குடித்தால் ஊதும், பழைய நிலைக்குத் திரும்பாது. இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான இந்தப் பலகைகளை ஒட்டும் பசையில் ஃபோமல்டிஹைட் உண்டு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை 2004இல் வகைப்படுத்தியது. சூடும் ஈரப்பதமும் கூடினால் அது இன்னும் அதிகமாக வெளியேறும், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

நான் சொல்வது, தட்டுகளைச் சீமெந்தில் வார்த்து, கதவுகளை மட்டும் வேம்பிலோ பழைய தேக்கிலோ செய்யுங்கள். வீடு உடைக்கும் இடங்களில் பழைய கதவு, யன்னல் விலைக்கு வரும். பிணைச்சலுக்கு 316 தர எவர்சில்வர் கேளுங்கள். வழக்கமாக விற்கும் 304ஐ விட உப்புக் காற்றை அது நன்றாகத் தாங்கும்.

கேள்வி: சூழலுக்கு நல்லது என்றாலே விலை கூடத்தானே? (வாசகர், தம்பலகாமம்)

கடையில் 'பச்சை' என்று பெயர் ஒட்டி விற்பதை வாங்கினால் கூடும். இருக்கிற கதிரைக்குப் புதுப் பிரம்பு பின்னினால் கூடாது.

கேள்வி: மிஸ், நான் இப்போது சொந்தமாக வேலை எடுக்கிறேன். பழைய கதவைத் திருத்திப் போடுவோம் என்றால், "எங்களிடம் காசில்லை என்று நினைத்தீரா?" என்று கோபிக்கிறார்கள். (ஒரு மாணவர், மூதூர்)

தம்பி, அவர்களுக்குக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைச் சொல்லுங்கள். கொழும்பில் தன் சொந்த வீட்டில் பழைய தூண்களையும் கதவுகளையும் தேடி வாங்கி வைத்தவர் அவர். 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீட்டைப் பின்னாளில் துண்டு துண்டாகக் கழற்றி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கவில் திரும்பக் கட்டினார்கள். காசில்லாமல் செய்த வேலையா அது?

ஆனால் கதை மட்டும் போதாது, கணக்கும் காட்டவேண்டும். புதுக்கதவின் விலையை ஒரு பக்கமும் பழையதை இழைத்து, நிலைக்கு ஏற்ப வெட்டி, பொலிஷ் போடும் செலவை மறுபக்கமும் எழுதுங்கள். தச்சரின் கூலியைக் குறைத்துக் காட்டாதீர்கள், அவர்தான் அந்த வேலையின் உயிர். பெயின்ரை ஒரு மூலையில் எடுத்து மரத்தைக் காட்டினால் பாதிப் பேர் மனம் மாறுவார்கள். பழைய பெயின்ரில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காயச் சுரண்டவேண்டாம். நனைத்து, முகமூடி போட்டு, பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். விழுந்த சுரண்டலைக் கூட்டித் தோட்டத்தில் கொட்டவும் வேண்டாம்.