இசைவும் வற்புறுத்தலும்: வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்கள் பலவற்றில் சம்பவம் நடந்த தேதியே இல்லை. வன்புணர்வு 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவும், அன்று முதல் நடந்திருந்தால் அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும் பொருந்தும். கீழே வெறும் எண்ணால் சொல்லப்படும் பிரிவுகள் இந்தப் புதிய சட்டத்தைச் சேர்ந்தவை. தயவுசெய்து தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மருத்துவ அறிக்கையில் காயம் எதுவும் இல்லை. அந்தப் பெண் கூச்சலிடவும் இல்லை. வழக்கு நிற்குமா? (திண்டுக்கல்)

நிற்கும். காவல் நிலையத்தில் ஒரு சிறுமி இரு காவலர்களால் வன்புணர்வு செய்யப்பட்டதாகத் தொடரப்பட்ட துக்காராம் வழக்கில், உடலில் காயம் இல்லை, கூக்குரல் எழவில்லை என்பவற்றையும் காரணங்களாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் 1978-ல் அவ்விருவரையும் விடுவித்தது. அடுத்த ஆண்டே உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதி, அடிபணிவதை இசைவாகக் கருதலாமா என்று கேட்டனர். அதைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின் விளைவாக 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2012 தில்லி கூட்டு வன்புணர்வுக்குப் பின் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த 2013 திருத்தம், இசைவு என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமின்றித் தானாக வெளிப்படுத்தப்படும் உடன்பாடு என்று வரையறுத்ததோடு, உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் இசைந்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தது. இன்றைய 63-ஆம் பிரிவிலும் அதுவே உள்ளது. இத்தனைக்குப் பிறகும் குறுக்கு விசாரணையில் ஏன் கத்தவில்லை, வளையல் ஏன் உடையவில்லை என்று கேட்கப்படுவது எனக்குத் தீராத ஆத்திரத்தைத் தருகிறது. கழுத்தில் கை வைத்து மிரட்டப்பட்டவர் உயிர் பிழைப்பதற்காக அசையாமல் கிடந்தால், அந்த அசைவின்மையை அவருக்கு எதிராகத் திருப்புவது எந்த நியாயம்? நம்பத்தக்கதாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் மட்டுமே தண்டனைக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் குர்மித் சிங் வழக்கில் 1996-லேயே கூறிவிட்டது. உங்கள் அரசு வழக்கறிஞரிடம் இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள்.

அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என மிரட்டி இணங்க வைத்தால், அது இசைவா? (மதுரை)

இல்லை. 28-ஆம் பிரிவின்படி, தீங்குக்கு அஞ்சித் தரப்பட்ட இசைவு, அந்த அச்சத்தை அறிந்தே செயல்பட்டவருக்குத் துணை நிற்காது. நற்பெயருக்கும் மனத்துக்கும் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் கேடும் தீங்கில் அடங்கும். மிரட்டல் செய்திகளை அழித்துவிடாதீர்கள். இக்கடிதத்தில் பெண்ணின் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருந்தன. அடையாளத்தை வெளியிடுவது 72-ஆம் பிரிவின்படி குற்றம். இதை எத்தனை முறை சொல்வது?

மணப்பதாகச் சொல்லி ஏமாற்றினால்? (சேலம்)

தொடக்கத்திலிருந்தே மணக்கும் எண்ணம் இல்லாதிருந்ததா, உண்மையாக எண்ணியிருந்து பின்னர் மணம் நடைபெறாமல் போனதா என்பதே கேள்வி. முதலாவது மட்டுமே குற்றமாகும். இப்போது அதற்கென 69-ஆம் பிரிவு தனியாக உள்ளது; சிறைத் தண்டனை பத்து ஆண்டுகள் வரை. நீங்கள் தேதியையும் எழுதவில்லை, அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதவில்லை. இவற்றை வைத்துக்கொண்டு நான் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

கணவன் கட்டாயப்படுத்தினால்? (கோவை)

மனைவி 18 வயது நிறைந்தவரெனில், 63-ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு இதை வன்புணர்ச்சி என்னும் குற்றத்திலிருந்து விலக்குகிறது. தில்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2022-ல் இதில் மாறுபட்ட தீர்ப்புகள் அளித்தனர். இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிந்து வாழும் மனைவிக்கு 67-ஆம் பிரிவு பொருந்தும். சேர்ந்து வாழ்பவர் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம்.

பதினேழு வயதுப் பெண் தானே விரும்பினால்? (தேனி)

சட்டத்தின் முன் அந்த விருப்பம் இசைவாகாது. 18 வயது நிறையாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பொருந்தும்.

எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். (கடலூர்)

சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதிவு செய்ய மறுக்கும் அலுவலருக்கு 199-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.