வாசகர் கேள்வி: கிளாரா வைக்காத பெயர்

கேள்வி: இத்தாலியில் அசிசி நகரத்தில் தொடங்கிய 'ஏழை கிளாரா' கன்னியர் சபைக்கு அந்தப் பெயரைப் புனித கிளாராவே வைத்தாரா? மடத்தைவிட்டு வெளியே வராமல் ஜெபத்திலேயே வாழ்கிறவர்களுக்கு 'ஏழை' என்ற அடைமொழி எதற்கு?

பதில்: அவர் வைக்கவில்லை. தன் பெயரில் ஒரு சபை வழங்கப்போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. அந்தப் பெயரில் 'ஏழை' என்ற பாதிதான் அவருடையது. அதை விட்டுக்கொடுக்காமல் இருக்க நாற்பது வருஷம் போராடினார்.

1212, குருத்து ஞாயிறு இரவு. பிரபு வீட்டுப் பெண்ணான கிளாராவுக்கு அப்போது 18 வயது இருக்கும். யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஊருக்குக் கீழே இருந்த போர்சியுங்குலா கோயிலுக்குப் போனார். அங்கே, ஏழ்மையையே வாழ்க்கையாக்கிக்கொண்ட அசிசியின் புனித பிரான்சிஸ், துறவின் அடையாளமாக அவருடைய கூந்தலைக் கத்தரித்தார். பின்னால் உறவினர்கள் இழுத்துப்போக வந்தபோது, பீடத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முக்காட்டை விலக்கிக் காட்டினாராம். கத்தரித்த தலையைப் பார்த்ததும், இனி இவள் திரும்ப மாட்டாள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. சில நாளில் தங்கை ஆக்னஸும் வந்து சேர்ந்தார். அப்புறம் சான் தாமியானோ என்ற சிறிய கோயிலை ஒட்டிக் குடியேறினார்கள். கிளாரா கண்ணை மூடியதும் அங்கேதான்.

அந்தக் காலத்தில் அவர்களை 'ஏழைச் சீமாட்டிகள்' என்றார்கள். ரோமாபுரி ஆவணங்களில் 'சான் தாமியானோ சபை'. கிளாரா எழுதிய சபைச் சட்டத்தில் இருப்பதோ 'ஏழைச் சகோதரிகள்'. எனக்கு மிகவும் பிடித்த பெயர் இதுதான். சீமாட்டி என்றால் பிறந்த வீட்டுப் பெருமையும் கூடவே வருகிறது. சகோதரிக்கு அது கிடையாது.

சரி, 'ஏழை' ஏன்? துறவிக்கென்று தனிச் சொத்து கூடாது என்பது எல்லா மடங்களிலும் உண்டு. ஆனால் மடத்தின் பெயரில் நிலம் இருக்கும், வருமானம் வரும். கிளாரா மடத்துக்கே எதுவும் வேண்டாம் என்றார். மடத்தின் தனிமையைக் காக்க வேண்டிய அளவு மண் போதும், அதிலும் சகோதரிகளின் தேவைக்குக் காய்கறி போடுவதைத் தவிர வேறு பயிர் கூடாது. வெளியே வராத பெண்கள் எதை நம்பிச் சாப்பிடுவார்கள் என்று போப் ஒன்பதாம் கிரகோரி கவலைப்பட்டார். அது நியாயமான கவலைதான். ஏழையாக வாழ்வேன் என்று கொடுத்த வாக்குதான் தடை என்றால் அதிலிருந்து விடுவிக்கிறேன் என்றார். என் பாவங்களிலிருந்து விடுவியுங்கள், கிறிஸ்துவைப் பின்பற்றுவதிலிருந்து வேண்டாம் என்று கிளாரா பதில் சொன்னதாக அவருடைய வரலாறு சொல்கிறது. சொத்து வாங்கச் சொல்லி இவர்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1228-இல் அதே போப் எழுதிக் கொடுத்தார்.

கிளாரா எழுதிய சட்டத்துக்குப் போப் நான்காம் இன்னசென்ட் ஒப்புதல் தந்த தேதி 1253 ஆகஸ்ட் 9. கிளாரா இறந்தது ஆகஸ்ட் 11. பல வருஷம் நோயில் கிடந்தவர், ஒப்புதல் எழுதிய தோல் ஏட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் போனார்.

'புனித கிளாரா சபை' என்ற பெயர் 1263-இல் போப் நான்காம் அர்பன் இட்டது. அதே ஆணையில் வந்த புதிய சட்டம், மடங்கள் பொதுவில் சொத்து வைத்துக்கொள்ள அனுமதித்தது. அவர் பெயரைச் சூட்டிய அதே கை, அவர் உயிராக நினைத்ததைத் தளர்த்திவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

கேள்வி: அப்படியானால் கிளாரா எழுதிய சட்டம் அதோடு மறைந்துவிட்டதா?

பதில்: இல்லை. அர்பன் சட்டத்தை ஏற்ற மடங்கள் பல, ஆனாலும் பழையதை விடாதவர்கள் இருந்தார்கள். பிரான்சில் கோலெத் என்ற துறவி (1381–1447) மடம் மடமாகப் போய்க் கிளாராவின் சட்டத்தை மறுபடி நிலைநாட்டினார். இரண்டு வழியிலும் இன்றைக்கும் மடங்கள் உண்டு. அந்த மூல ஏடு 1893-இல் அசிசி மடத்தில், கிளாராவின் மேலங்கிக்குள் கிடைத்தது. கிளாரா இதைத் தொட்டுத் தொட்டுப் பலமுறை முத்தமிட்டார் என்று அதன் ஓரத்தில் யாரோ ஒருவர் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்.