ஆங்கிலத் தலையங்கம் புரிகிறது, ஆனால் 'புட் அப் வித்', 'ஃபிகர் அவுட்' என்று பேசினால் ஏன் பிடிபடுவதில்லை?

பேப்பர் படிக்க முடிகிறது, ஆபீஸ் காலில் அமெரிக்க டீம் சாதாரணமாகப் பேசினால் திணறுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் குறை இல்லை. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட். லத்தீன், பிரெஞ்சு வழி வந்த, எழுத்து நடைக்குரிய சொற்கள். அதையே அவர்கள் வாய்ப்பேச்சில் புட் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டு என்பார்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது வினையோடு அப், ஆஃப் மாதிரி சிறு சொல் சேரும் இந்த வகைச் சேர்க்கைதான் என்று எழுதியிருக்கிறார்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். நம் பேச்சையே பாருங்கள். "அவர்கிட்ட முன்னாடியே சொல்லி வை", "குழந்தையைப் பாத்துக்கோ", "எழுதித் தொலை". தமிழ் கற்கும் ஒருவர் வை, கொள், தொலை என்று தனித்தனியாக அகராதியில் தேடினால் குழம்பித்தான் போவார். நாம் யாரும் இதை மனப்பாடம் செய்யவில்லை. எந்தச் சூழலில் எந்தத் துணைவினை வரும் என்று காது பழகியது. ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அந்த வேலையை அப், அவுட், ஆஃப் செய்கின்றன. ஈட் அப், யூஸ் அப், ட்ரிங்க் அப் எல்லாவற்றிலும் 'அப்' மேலே போவதில்லை, மிச்சம் வைக்காமல் முடிக்கிறது. நம் 'சாப்பிட்டுவிடு'வில் இருக்கும் 'விடு' மாதிரி. ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட் இரண்டிலும் தெரியாமல் இருந்தது தெரிய வருகிறது.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. 'லைட் வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது, 'அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது! அதனால்தான் 'கோ ஆஃப்' என்று மட்டும் நோட்டில் எழுதுவது வீண். லைட்டோடும் அலாரத்தோடும் முழு வாக்கியமாக எழுதுங்கள்.

பாதிப் பிரச்சினை காதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 'புட் இட் ஆஃப்' என்பதை அமெரிக்கர் 'புடிடாஃப்' என்று ஒரே மூச்சில் சொல்வார். எழுதிக் காட்டினால் மூன்றும் தெரிந்த சொற்கள். காதில் விழும்போது புதுச் சொல். அழுத்தத்தையும் கவனியுங்கள்: 'லுக் அட் இட்'டில் அழுத்தம் 'லுக்'கில், 'லுக் இட் அப்'பில் 'அப்'பில். இரண்டு நிமிட வீடியோ ஒன்றை முதலில் சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள், பிறகு அதோடு கேளுங்கள், கடைசியில் அதே ஓசையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நூறு வரி படிப்பதைவிட இது உதவும்.

ஆபீஸுக்கு உடனடியாக வேண்டியது ஒன்று. மீட்டிங்கை 'புட் ஆஃப்' செய்தால் வேறு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' செய்தால் ரத்து. இதை மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு வார வேலையே வீணாகலாம். பேசும்போது 'இட்' நடுவில்தான் வரும்: 'கால் இட் ஆஃப்'. 'கால் ஆஃப் இட்' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று, நம் ஊரில் எல்லோரும் சொல்லும் 'பாஸ் அவுட்'. "ஐ பாஸ்ட் அவுட் இன் 2015" என்றால் நமக்குப் படிப்பு முடித்தது. அமெரிக்கர் காதில் அது மயங்கி விழுந்தது. இன்டர்வியூவில் 'கிராஜுவேட்டட்' என்றே சொல்லுங்கள்.